மும்பைல எதுல போறது? ஊர்லேர்ந்து புதுசா வர்றவங்களுக்கு

வேலை கிடைச்சு மும்பைக்கு வர்ற நம்ம ஊர் பசங்க பொண்ணுங்க எல்லாரும் மொதல்ல கேக்குறது இதான், ஆபீஸ் வீட்லேர்ந்து 14 கிலோமீட்டர்னு மேப்ல காட்டுது, லோக்கல் ரயில்ல போகவா மெட்ரோல போகவா இல்ல பேசாம கேப் புக் பண்ணிக்கவான்னு. இந்த ஊர்ல கிலோமீட்டரை வெச்சு யாரும் கணக்கு போட மாட்டாங்க. டோம்பிவ்லிலேர்ந்து வீட்டி ஸ்டேஷனுக்கு 48 கிலோமீட்டர் உக்காந்துக்கிட்டே நிம்மதியா வந்துடலாம், செம்பூர்லேர்ந்து அந்தேரிக்கு அதுல பாதி தூரம் கூட இல்ல, ஆனா போய் சேர்றதுக்குள்ள சட்டை பிழிஞ்சு போட்ட மாதிரி ஆயிடும். ஏன்னா ஒண்ணு நேர் வண்டி, இன்னொண்ணுல நடுவுல எறங்கி மாறணும். அதனால நான் யாரு கேட்டாலும் சொல்றது, எத்தனை தடவை மாறணும்னு மொதல்ல எண்ணுங்க, நேரம் காசு எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். (வீட்டின்னா விக்டோரியா டெர்மினஸ், இப்ப அது சிஎஸ்எம்டி, அதாவது சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ், பழைய ஆளுங்க இன்னும் அப்படித்தான் சொல்லுவாங்க, உங்களுக்கும் ஒரு மாசத்துல வந்துடும்.)

ஊரோட அமைப்பே அப்படி. வடக்கு தெக்கா நீட்டா ஒரு துண்டு நிலம், அதுல ரயில் எல்லாம் வடக்கு தெக்காவே ஓடுது. 1853 ஏப்ரல் 16ல போரிபந்தர்லேர்ந்து தாணேக்கு மொத ரயில் விட்ட நாள்லேர்ந்து இதே கதைதான். மேற்குப் பக்கம் வெஸ்டர்ன், சர்ச்கேட்லேர்ந்து விரார் தாண்டி தஹானு வரைக்கும். கிழக்குப் பக்கம் சென்ட்ரல், வீட்டிலேர்ந்து தாணே கல்யாண், அங்க பிரிஞ்சு ஒண்ணு கசாரா ஒண்ணு கர்ஜத். ஹார்பர் வீட்டிலேர்ந்து வடாலா வந்து ரெண்டா பிரியும், ஒண்ணு குர்லா செம்பூர் வாஷி வழியா பன்வேல், இன்னொண்ணு மாஹிம் பாந்த்ரா வழியா கோரேகாவ். தாணேலேர்ந்து வாஷி பன்வேல் போறது ட்ரான்ஸ் ஹார்பர், ஐரோலி கன்சோலி பக்கம் ஐடி ஆபீஸ் கிடைச்சவங்களுக்கு அதான் உயிர். தெக்கு வடக்கா போறது சுலபம், கிழக்கு மேற்கா போறதுதான் பாடு, ரொம்ப வருஷம் அதுக்கு பஸ்ஸும் ஆட்டோவும்தான் இருந்துச்சு, 2014ல வெர்சோவா காட்கோபர் மெட்ரோ வந்தப்புறம்தான் ஜனங்க கொஞ்சம் மூச்சு விட்டாங்க.

அதனால வீடு பாக்குறப்பவே லைனை பாத்துடுங்க, வீடு புடிச்சதுக்கப்புறம் எதுல போறதுன்னு யோசிக்கிறது லேட். ஆபீஸ் எந்த ஸ்டேஷன் கிட்டன்னு மொதல்ல கண்டுபுடிங்க, அந்த லைன்லயே வீடு தேடுங்க, வாடகை ரெண்டாயிரம் மூவாயிரம் கூட இருந்தாலும் பரவால்ல. நம்ம ஆளுங்க மாட்டுங்கா, சயான், ஆன்டாப் ஹில், செம்பூர், முலுண்ட், டோம்பிவ்லின்னு எல்லாம் கிழக்குப் பக்கமே குவிஞ்சு கிடக்கோம், சொந்தக்காரங்க வீடு பக்கத்துல இருக்கட்டும்னு அங்கயே வீடு எடுத்துட்டு மலாட்ல போய் வேலை பாக்குறவங்க நெறைய பேர், தினமும் தாதர்ல ஏறி எறங்கியே தேஞ்சு போறாங்க. ப்ரோக்கர் "ஸ்டேஷன் பத்து மினிட்" சொன்னா நடந்தா ஆட்டோலயான்னு கேளுங்க, ஆட்டோலன்னா காலைல ஷேர் ஆட்டோ க்யூ எவ்ளோ நீளம்னு ஒரு நாள் எட்டரை மணிக்கு நேர்ல போய் நின்னு பாருங்க. நடந்து போற தூரத்துல ஸ்டேஷன் இருந்தா அது ஒரு மாறுதல் மிச்சம்.

எந்த ஆபீசுக்கு எந்த ஸ்டேஷன்னு ஓரளவு சொல்லிடறேன். லோயர் பரேல்னா வெஸ்டர்ன்ல லோயர் பரேல், ஆனா சென்ட்ரல்காரங்க கரி ரோட்ல எறங்கி நடந்துக்கலாம், வெஸ்டர்னுக்கு மாற வேண்டிய அவசியமே இல்ல. அதே மாதிரி பரேலும் பிரபாதேவியும் ஒட்டி இருக்கு, பாலம் ஏறி எறங்குனா லைன் மாறிடலாம். பவாய்க்கு ஸ்டேஷனே கெடையாது, காஞ்சூர்மார்க்ல எறங்கி பஸ் இல்ல ஆட்டோ. பிகேசிக்கு (பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ்) குர்லாலேர்ந்தும் பாந்த்ராலேர்ந்தும் பஸ், ஷேர் ஆட்டோ, இப்ப மெட்ரோ 3லயும் ஸ்டேஷன் இருக்கு. அந்தேரி கிழக்குல இருக்கிற ஏற்றுமதி மண்டலம் சீப்ஸ்னா மெட்ரோ 3ல சீப்ஸ் ஸ்டேஷனே இருக்கு.

மாட்டுங்கா விஷயம் தனியா சொல்லணும், இதுல புதுசா வர்றவங்க எல்லாரும் குழம்புறாங்க. மாட்டுங்கான்னா சென்ட்ரல். மாட்டுங்கா ரோடுன்னா வெஸ்டர்ன். அதுக்கும் பக்கத்துல கிங்ஸ் சர்க்கிள், அது ஹார்பர்ல பாந்த்ரா பக்கம் போற கிளை. மூணுமே நடக்கிற தூரம்தான், மாட்டுங்கா ரோட்லேர்ந்து இசட் பிரிட்ஜ்ங்கிற நடைபாலம் ஏறி இந்தப் பக்கம் வந்துடலாம். சயான் கோலிவாடாவுக்கு சயான் ஸ்டேஷனை விட ஹார்பர்ல ஜிடிபி நகர் கிட்ட. தாராவிக்கு சயானும் மாஹிமும் ரெண்டு பக்கம், இப்ப மெட்ரோ 3ல தாராவின்னே ஸ்டேஷன் வந்துடுச்சு. யாராவது சாப்பிட மாட்டுங்கா வான்னு கூப்பிட்டா உங்க வீடு எந்த லைன்லன்னு பாத்துட்டு அந்த ஸ்டேஷன்ல எறங்குங்க, தாதர் போய் மாறிக்கிட்டு நிக்காதீங்க.

அடுத்தது ஸ்லோவா ஃபாஸ்ட்டா. ஸ்லோ எல்லா ஸ்டேஷன்லயும் நிக்கும். ஃபாஸ்ட் சென்ட்ரல்ல பைகுல்லா, தாதர், குர்லா, காட்கோபர், தாணேன்னு போயிடும், சில வண்டி விக்ரோலி, பாண்டுப், முலுண்ட்லயும் நிக்கும். நம்ம மாட்டுங்காவும் சயானும் ஸ்லோல மட்டும்தான், ஃபாஸ்ட்ல ஏறிட்டு சயான் வரும் வரும்னு கதவு கிட்ட நிக்கிறவங்க குர்லாலதான் எறங்குவாங்க. வெஸ்டர்ன்ல ஃபாஸ்ட்டுக்கு மும்பை சென்ட்ரல், தாதர், பாந்த்ரா, அந்தேரி, போரிவ்லி. கொஞ்ச தூரம் போறவங்களுக்கு ஃபாஸ்ட்னால பெருசா லாபம் கெடையாது. ஒரு ஆறேழு ஸ்டேஷன்தான் போகணும்னா ஸ்லோல ஏறுங்க, அஞ்சு நிமிஷம் கூட ஆகும், ஆனா எறங்க வேண்டிய எடத்துல எறங்கலாம். இதையேன் அழுத்தி சொல்றேன்னா விரார் ஃபாஸ்ட்ல ஏறி அந்தேரில எறங்கணும்னு யாராவது நெனச்சா உள்ள இருக்கிற விரார்காரங்க வழி விட மாட்டாங்க, திட்டும் வாங்கணும், சில நாள் எறங்கவே முடியாம போரிவ்லி வரைக்கும் போய் திரும்பி வரணும். அவங்க பக்கமும் நியாயம் இருக்கு, போரிவ்லி வரைக்கும் ஆயிரத்தெட்டு வண்டி இருக்கு, அவங்களுக்கு அது ஒண்ணுதான். கடைசி ஸ்டேஷன் பேரு உங்க ஸ்டேஷனுக்கு எவ்ளோ கிட்ட இருக்கோ அவ்ளோ நல்லது, இது எல்லா லைனுக்கும் பொருந்தும், காட்கோபர் போறவங்க கல்யாண் ஃபாஸ்ட்டை விட்டுட்டு தாணே ஸ்லோல ஏறுங்க.

பிளாட்ஃபாரத்துல தொங்குற இண்டிகேட்டரை படிக்க கத்துக்கோங்க, யாரையும் கேக்க வேண்டியதில்ல. எந்த ஊர் வண்டின்னு மராத்தி ஹிந்தி இங்கிலீஷ்னு மாறி மாறி வரும், பக்கத்துல எஸ் இருந்தா ஸ்லோ, எஃப் இருந்தா ஃபாஸ்ட், இன்னும் எத்தனை நிமிஷம், அப்புறம் 12ன்னோ 15ன்னோ ஒரு நம்பர், அது எத்தனை பெட்டிங்கிறது. அந்த நம்பர் முக்கியம். 15 பெட்டி வண்டி நிக்கிற எடத்துல நீங்க நின்னுக்கிட்டிருந்து வர்றது 12 பெட்டியா இருந்தா வால் உங்களைத் தாண்டி முன்னாடி போய் நிக்கும், எல்லாரும் ஓடுவாங்க. லேடீஸ், ஃபர்ஸ்ட் கிளாஸ், லக்கேஜ் பெட்டி எங்க வரும்னு பிளாட்ஃபாரத்துல போர்டு இருக்கும், தினமும் போறவங்க நிக்கிற எடத்தைப் பாத்தாலே தெரிஞ்சிடும். எறங்குற ஸ்டேஷன்ல பாலம் முன்னாடியா நடுவுலயா பின்னாடியான்னும் ஒரு வாரத்துல மனசுல ஏத்திக்கோங்க, அதுக்கு நேரா வர்ற பெட்டில ஏறுனா தாதர் மாதிரி ஸ்டேஷன்ல அஞ்சு நிமிஷம் சாதாரணமா மிச்சமாகும். தாதர்ல முன்னாடி வெஸ்டர்னுக்கும் ஒண்ணாம் நம்பர், சென்ட்ரலுக்கும் ஒண்ணாம் நம்பர்னு தலையை சுத்தும், 2023 டிசம்பர்லேர்ந்து வெஸ்டர்ன் 1லேர்ந்து 7, சென்ட்ரல் 8லேர்ந்து 14ன்னு மாத்திட்டாங்க. பழைய நம்பர் சொல்ற அங்கிள் யாராவது இன்னும் இருப்பாங்க, ஜாக்கிரதை.

ஏறினதும் எந்தப் பக்கம் எறங்கணும்னு கேட்டு வெச்சுக்கோங்க. ரெண்டு ஸ்டேஷன் முன்னாடியே கதவு பக்கம் நகர ஆரம்பிக்கணும், முன்னாடி நிக்கிறவரைத் தொட்டு "தாதர் உதரேங்கே க்யா?" (தாதர்ல எறங்குவீங்களா?)ன்னு கேளுங்க, ஆமாம்னா அவர் பின்னாடியே ஒட்டிக்கோங்க, இல்லன்னா எடம் மாறிக்குவார். பையை முதுகுல போடாதீங்க, முன்னாடி போடுங்க, பர்சுக்காக மட்டும் இல்ல, முதுகுல போட்டா பின்னாடி உள்ளவங்க உங்களை சும்மா விட மாட்டாங்க. மூணு பேர் சீட்ல நாலாவதா ஒருத்தர் வந்து ஓரத்துல ஒட்டிக்கிறது இங்க உரிமை, "தோடா சரக்கோ"ன்னா (கொஞ்சம் நகருங்க) நகர்ந்து எடம் குடுத்துடணும்.

நான் லேடீஸ்ல போறவ, அதனால பொண்ணுங்களுக்கு கொஞ்சம் தனியா. லேடீஸ் பெட்டில சிலது 24 மணி நேரமும் லேடீஸ், சிலது குறிப்பிட்ட நேரம் மட்டும்தான், பெட்டி மேலயே எழுதியிருக்கும், ராத்திரி ஏறுறதுக்கு முன்னாடி படிச்சுக்கோங்க. உக்காரணும்னா ஏறினதும் உக்காந்திருக்கிற ஒவ்வொருத்தங்களையும் எங்க எறங்குறீங்கன்னு கேக்கணும், வெக்கப்பட்டா கடைசி வரைக்கும் நிக்கணும். "கஹாங் உதரேங்கே?" "குர்லா." "கிஸி கோ போலா க்யா?" (யாருக்காவது சொல்லி வெச்சிருக்கீங்களா?) அவங்க இல்லன்னு தலையாட்டிட்டா அந்த சீட் உங்களோடது, அவங்களே எந்திரிக்கிறப்ப உங்க கையைப் புடிச்சு உக்கார வெப்பாங்க, நடுவுல யாராவது பூந்தா மொத்த பெட்டியும் சண்டைக்கு வரும். எழுதாத சட்டம், ஆனா டிசி (டிக்கெட் செக்கர்) சொல்றதை விட இதுக்கு மரியாதை ஜாஸ்தி. லேடீஸ் ஸ்பெஷல்னு முழு வண்டியும் உண்டு, மொதல்ல 1992 மே மாசம் சர்ச்கேட் போரிவ்லி விட்டாங்க, அது ஓடுற நேரம் உங்க நேரத்துக்கு ஒத்து வந்தா விடாதீங்க.

இன்னொரு வித்தை, சாயந்திரம் தாதர்லயோ பைகுல்லாலயோ வேலை முடிச்சு டோம்பிவ்லி கல்யாண் போறவங்க நிறைய பேரு வீட்டி பக்கம் போற வண்டில ஏறி உக்காந்து, அதே வண்டி திரும்புறப்ப உக்காந்தே போயிடுவாங்க. இதுக்கு பேரு ரிட்டர்ன்ல வர்றது. பாஸ் வீட்டி வரைக்கும் இருந்தா பிரச்சனை இல்ல, தாதர் வரைக்கும்தான் எடுத்திருந்தா டிசி புடிச்சா கட்டணும், டிக்கெட் இல்லாம போனா குறைஞ்சது 250 ரூபாய் அபராதம், அதுக்கு மேல டிக்கெட் காசும். பாஸ் எடுக்கிறப்பவே ரெண்டு ஸ்டேஷன் சேத்து எடுத்துடுங்க, பெருசா வித்தியாசம் வராது.

டிக்கெட்டுக்கு க்யூல நிக்காதீங்க. 2025 ஜூலைல வந்த ரயில்ஒன் ஆப் இருக்கு, ஸ்டேஷன்ல மெஷினும் இருக்கு. ஆப்ல எடுக்கிறதா இருந்தா ஸ்டேஷனுக்கு நடந்து வர்றப்பவே எடுத்துடுங்க, பிளாட்ஃபாரத்துல வந்து பாத்துக்கலாம்னு விட்டா அங்க எடுக்க விடாது. வண்டி நேரம் பாக்க எம்-இண்டிகேட்டர் ஆப், மும்பைக்காரங்க போன்ல வாட்ஸ்அப் இருக்கோ இல்லையோ அது இருக்கும். ஃபர்ஸ்ட் கிளாஸ் எடுக்கலாமான்னு கேக்குறாங்க, காலைல அங்கயும் நிக்கத்தான் வேணும், ஆனா நெருக்குறவங்க கொஞ்சம் நல்ல செண்ட் போட்டிருப்பாங்க, அவ்ளோதான் வித்தியாசம். அந்தக் காசுக்கு ஏசி லோக்கல் மேல். 2017 டிசம்பர் 25ல வெஸ்டர்ன்ல மொதல்ல விட்டாங்க, இப்ப சென்ட்ரல்லயும் ஓடுது, கதவு தானா மூடிக்கும், கதவுல தொங்குற வேலையே இல்ல. எண்ணிக்கைதான் கம்மி, உங்க நேரத்துக்கு ஒரு ஏசி வண்டி இருந்தா மட்டும் ஏசி பாஸ் எடுங்க.

மெட்ரோ எங்க லாபம்னா மாறுதலைக் குறைக்கிற எடத்துல. மெட்ரோ 1 காட்கோபர்ல சென்ட்ரலையும் அந்தேரில வெஸ்டர்னையும் சேக்குது, டிக்கெட் 10லேர்ந்து 40. மெட்ரோ 3 முழுசும் பூமிக்கடில, ஆரே காலனிலேர்ந்து கஃப் பரேட் வரைக்கும் 33.5 கிலோமீட்டர், 27 ஸ்டேஷன், 2024 அக்டோபர்ல ஒரு பகுதி தொறந்து 2025 அக்டோபர்ல முழுசா தொறந்தாங்க, 10லேர்ந்து 70 ரூபாய். ஏர்போர்ட் ரெண்டு டெர்மினலுக்கும் இதுல போகலாம், சின்ன பை மட்டும்னா கேப்புக்கு எதுக்கு காசு குடுக்கணும். ரெண்டு மெட்ரோவும் மரோல் நாகால சேருது. டோம்பிவ்லிலேர்ந்து சீப்ஸ் போறவங்க காட்கோபர்ல மெட்ரோ 1, மரோல் நாகால மெட்ரோ 3, அங்கேர்ந்து ரெண்டாவது ஸ்டேஷன். ரெண்டு மாறுதல்தான், தாதர் போய் அந்தேரி போய் ஆட்டோ புடிக்கிறதுக்கு இது எவ்ளோ மேல். தாராவிலேர்ந்து நரிமன் பாயிண்ட், கஃப் பரேட் பக்கம் வேலைக்குப் போறவங்களுக்கு மாறுதலே இல்ல, லோக்கலை விட காசு கூட, ஆனா வீட்டி ஸ்டேஷன்ல எறங்கி ஷேர் டாக்ஸிக்கு நிக்கிற நேரமும் காசும் மிச்சம், கணக்கு பாத்தா பெருசா வித்தியாசம் வராது. ஒண்ணு மட்டும், காட்கோபர்ல மெட்ரோ ஏறுற பாலத்துல காலைல கூட்டம் வழியும், பத்து நிமிஷம் அதுக்குன்னே ஒதுக்குங்க.

பெஸ்ட் பஸ்ஸை, அதாவது இந்த ஊர் டவுன் பஸ்ஸை, யாரும் மதிக்க மாட்டேங்கிறாங்க, ஆனா ஒரு பஸ்ல நேரா போயிடலாம்னா நான் லோக்கலை விட்டுட்டு பஸ்லதான் போவேன். 2025 மே மாசத்துலேர்ந்து மினிமம் 10 ரூபாய், ஏசிக்கு 12, அஞ்சு கிலோமீட்டர் வரைக்கும். முன்னாடி போர்டுல நம்பர் மராத்தி எழுத்துல இருக்கும், இங்கிலீஷ் நம்பர் பக்கவாட்டுல, அதனால மராத்தி எண்ணு பத்தையும் ஒரு சாயந்திரத்துல படிச்சுடுங்க, இல்லன்னா பஸ் நின்னு கெளம்பினப்புறம்தான் நம்ம பஸ்ஸுன்னு தெரியும். சலோ ஆப்ல பஸ் எங்க வருதுன்னு காட்டும், டிக்கெட்டும் எடுக்கலாம்.

ஆட்டோ எங்க கிடைக்கும்னு தெரிஞ்சுக்கோங்க, பாந்த்ராவுக்கும் சயானுக்கும் தெக்கே ஆட்டோ வராது, அங்க கருப்பு மஞ்சள் டாக்ஸிதான். மாட்டுங்காவுல நின்னு ஆட்டோ தேடறவங்களைப் பாத்தாலே புதுசுன்னு தெரிஞ்சிடும். 2025 பிப்ரவரிலேர்ந்து மொத ஒன்றரை கிலோமீட்டருக்கு ஆட்டோ 26, டாக்ஸி 31. நம்ம சென்னை ஆட்டோ மாதிரி ஏறுறதுக்கு முன்னாடி பேரம் பேச வேண்டாம், மீட்டர் போட்டுத்தான் ஓட்டுவாங்க, சில்லறையும் குடுப்பாங்க. கிட்டத்துக்கு வர மாட்டேன்னு தலையாட்டுவாங்க, அதுக்கு அடுத்த ஆட்டோதான் பதில். ஸ்டேஷன் வாசல்ல ஷேர் ஆட்டோ க்யூ இருந்தா அதுல நில்லுங்க, வேகமாவே நகரும், வரிசையை மீறி முன்னாடி போய் ஏறாதீங்க, மும்பைல க்யூ விஷயத்துல ஜனங்க ரொம்ப கறார்.

சொந்த பைக் எடுத்துட்டு வரலாமான்னா, ஸ்டேஷன் வரைக்கும் ஓட்டி அங்க பே பார்க்கிங்ல விட சரி. கோஸ்டல் ரோட்லயும் அடல் சேது கடல் பாலத்துலயும் டூவீலர் விடவே மாட்டாங்க. காருக்கு 2024 அக்டோபர்லேர்ந்து நகர எல்லை டோல் இல்ல, ஆனா அடல் சேது ஒரு தடவைக்கு 250, அப்புறம் பார்க்கிங்னு ஒண்ணு இருக்கே.

ஊர்லேர்ந்து பெட்டி படுக்கையோட எறங்குற நாள் மட்டும் லோக்கலே வேண்டாம். மதுரை, கோயமுத்தூர் வண்டி குர்லா டெர்மினஸ் வரும், திருநெல்வேலி வண்டி தாதர், நாகர்கோவில் வண்டி வீட்டி. காலைல எட்டுக்கும் பதினொண்ணுக்கும் நடுவுல ரெண்டு சூட்கேஸோட லோக்கல்ல ஏற முடியாது, ஏறினா எறங்க முடியாது. டாக்ஸியோ கேப்போ எடுங்க, இல்ல மாமாவை வரச் சொல்லுங்க.

மழைக்காலம் வந்தா எல்லா கணக்கும் மாறிடும். இந்த ஊர்ல மழைத் தண்ணி கடல்லதான் போய் விழணும், அதே நேரம் கடல்ல ஹை டைட் (கடல் மட்டம் ஏறுற நேரம்) இருந்தா தண்ணி போக வழி இல்லாம ரோட்டுக்கே திரும்பி வரும். அதனால ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் காலைல மழையை மட்டும் பாக்காதீங்க, ஹை டைட் எத்தனை மணிக்கு எவ்ளோ மீட்டர்னும் பாருங்க, நாலரை மீட்டருக்கு மேலன்னா அந்த நேரத்துல வெளில இருக்காத மாதிரி பாத்துக்கோங்க. ஹிந்த்மாதா, கிங்ஸ் சர்க்கிள், அந்தேரி சப்வே, மிலன் சப்வே எல்லாம் நிரம்புற எடம், கேப் எல்லாம் அங்கயே மாட்டிக்கும். தண்டவாளத்துல சயான் குர்லா நடுவுல தண்ணி நின்னா சென்ட்ரலும் ஹார்பரும் சேந்து நிக்கும், அந்த நாள்ல வெஸ்டர்ன் ஓடினா அது வழியா சுத்தி வாங்க. மெட்ரோன்னா ஒண்ணும் ஆகாதுன்னு நெனைக்காதீங்க, 2025 மே 26 மழைல வொர்லி கிட்ட ஆச்சார்யா அத்ரே சவுக் ஸ்டேஷனுக்குள்ளயே தண்ணி பூந்துச்சு. நாலு மணிக்கே ஆபீஸ்ல எல்லாரும் பையைத் தூக்கினா நீங்களும் தூக்குங்க, வேலையை முடிச்சுட்டு போலாம்னு உக்காராதீங்க.

ஞாயித்துக்கிழமை வெளில போறதா இருந்தா முந்தின நாளே மெகா பிளாக் (தண்டவாள வேலைக்காக வண்டியை நிறுத்துறது) பாத்துடுங்க. மாட்டுங்கா முலுண்ட் நடுவுல பிளாக்குன்னா ஸ்லோ வண்டியை ஃபாஸ்ட் லைன்ல விடுவாங்க, சின்ன ஸ்டேஷன் சிலதுல நிக்காது. ஹார்பர்ல சில ஞாயித்துக்கிழமை பகல் முழுக்க வண்டியே இருக்காது, செம்பூர் முருகன் கோவிலுக்குப் போறவங்க அன்னிக்கு பஸ்ஸை நம்புங்க.

ராத்திரி மெட்ரோ 11 மணி வாக்குல முடிஞ்சிடும், லோக்கல் நடுராத்திரி தாண்டியும் கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் விடியக்காலை நாலு மணி வாக்குலதான். கடைசி வண்டி நேரம் லைனுக்கு லைன் வேற, உங்க லைனோடதை மட்டும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. அதை விட்டா ஆட்டோ டாக்ஸிதான், 12லேர்ந்து 5 வரைக்கும் மீட்டர்ல வர்றதுக்கு மேல கால்பங்கு கூட, அதுக்கு மேல கேட்டா குடுக்காதீங்க, ரேட் கார்டு காட்டுன்னு கேளுங்க, காட்டுவாங்க.